ஊருக்குள் சமர்த்து, ஹைவேயில் சண்டி: சின்ன காரின் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

கொடுங்கையூரிலிருந்து பாரிமுனைக்குப் போய்வரும் கார் 40ஐத் தாண்டுவதே அபூர்வம். மூலக்கடை சிக்னல், வியாசர்பாடி நெரிசல், பேசின் பாலம் என்று முதல் இரண்டு கியரிலேயே அதன் பிழைப்பு ஓடிவிடும். அந்த வண்டியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு, செங்குன்றம் தாண்டி காரனோடைப் பாலத்தில் 90ல் விட்டால் அது ஏதாவது பேசத்தான் செய்யும். உடனே பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "சின்ன காரு லாங்குக்கு ஆவாதுன்னு அப்பவே சொன்னேன்."

ஆகும். எங்கள் வீட்டில் இருப்பது 800 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். பதினோரு வருடப் பழசு. நெல்லூர், திருப்பதி, ஓசூர், மதுரை, ஒருமுறை நாகர்கோவில் வரைக்கும் போய் வந்திருக்கிறது. அதற்கு வந்த கோளாறு எதையும் ஹைவே புதிதாகக் கொடுக்கவில்லை. மணலி ரோட்டுப் பள்ளமும் காசிமேட்டு உப்புக் காற்றும் போர் தண்ணீரும் முன்பே கொடுத்துவைத்தவைதான் எல்லாம். 40ல் அவை தெரியாது, 90ல் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூலக்கடைப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஸ்பீடில் வருகிறது? எடுத்த உடனேயா, சூடான பிறகா? பிரேக் மிதிக்கும்போதா, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதா, சும்மா உருளும்போதா? பதில் தெரியாமல் போனால் "போய் ஓட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கீழே உள்ள எதைப் படிப்பதற்கு முன்பும் உங்கள் வண்டிக்கு இந்த மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

80க்கு மேல் ஸ்டியரிங் உதறுகிறது

உதறல் கையில் தெரிகிறதா, உட்காரும் இடத்தில் தெரிகிறதா? கையில் என்றால் முன் சக்கரம். கையில் ஒன்றுமில்லை, சீட்டும் தரையும்தான் நடுங்குகின்றன என்றால் பெரும்பாலும் பின் சக்கரம். 80ல் ஆரம்பித்து 90, 95ல் உச்சத்துக்குப் போய், அதற்கு மேல் கொஞ்சம் அடங்கினால் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, போயிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 12 அங்குல ரிம்மில் 145/80 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.7 மீட்டர் ஓடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 15 சுற்று. எடையைச் சமன் செய்ய ரிம்மில் ஒட்டியிருந்த 30 கிராம் ஈயக்கட்டி எங்கோ பள்ளத்தில் தெறித்து விழுந்துவிட்டது என்று வையுங்கள். அந்த 30 கிராம் வித்தியாசம் 90ல் கிட்டத்தட்ட 4 கிலோ இழுப்பாக மாறி, ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தைப் பிடித்து உலுக்கும். 40ல் அதே இழுப்பு ஐந்தில் ஒரு பங்குதான். அதனால்தான் பாரிமுனை போகும்போது கைக்குத் தெரிவதே இல்லை. ரிம்மைத் துடைத்துப் பாருங்கள். ஈயக்கட்டி இருந்த இடம் மட்டும் அழுக்கேறாமல் பளிச்சென்று தெரிந்தால், விழுந்து ரொம்ப நாளாகவில்லை.

பேலன்சிங் செய்தும் உதறல் போகவில்லையா? இது எனக்கு நடந்தது. இரண்டு முறை பேலன்ஸ் செய்தேன், இரண்டு கடைகளில். இரண்டு இடத்திலும் மெஷின் சைபர் காட்டியது, கும்மிடிப்பூண்டி தாண்டியதும் ஸ்டியரிங் பழையபடி ஆடியது. மூன்றாவது முறை மெக்கானிக் அண்ணன் வண்டியை ஜாக்கியில் தூக்கினார். ஒரு ஸ்குரூ டிரைவரை அசையாமல் ரிம்மின் உள்விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஸ்குரூ டிரைவர் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு சுற்றுக்கு ஒருமுறை சுருங்கி விரிந்தது. உள்விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு நெளிந்திருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கன்டெய்னர் டிரெய்லர்கள் வாரிப்போட்ட பள்ளங்களில் ஒன்று செய்த வேலை. நெளிந்த ரிம்மை மெஷினில் போட்டால் எடையைச் சரிபார்த்துவிட்டு ஓகே என்றுதான் சொல்லும், வட்டம் சரியா என்று அது பார்ப்பதில்லை. கடைக்காரரும் சுற்றும் ரிம்மைக் கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணூர், மணலி பக்கம் தினம் ஓட்டுபவர்கள் பேலன்சிங் செய்யச் சொல்லும்போதே "ரிம் பெண்டும் பாருங்க" என்று சேர்த்துச் சொல்வது நல்லது.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் துடித்தால் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள், பிரேக் டிஸ்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரத் தெருவில் வண்டியைப் பத்து நாள் எடுக்காமல் விட்டால், பேட் ஒட்டியிருக்கும் இடத்தில் டிஸ்க் தனியாகத் துருப்பிடித்துத் தழும்பாகிவிடும். லேசான துரு நாலு முறை நன்றாகப் பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும். தழும்பு ஆழமாக இறங்கியிருந்தால் டிஸ்கைக் கடைசல் போட வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால், எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட். திரும்பும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் அதே ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாயின்ட்.

இதில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று. 20, 30 வேகத்திலேயே வண்டி நொண்டி நடப்பதுபோல் குலுங்கி, வேகம் கூடக் கூட மோசமானால் டயர் ரப்பருக்குள் இருக்கும் கம்பி பெல்ட் பிரிந்திருக்கலாம். ஓரமாக நிறுத்தி டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு தட்டுப்பட்டால் அந்த டயரில் அடுத்த ஊர் வரைக்கும்கூட போக வேண்டாம், ஸ்டெப்னி மாற்றுங்கள். டயரின் வயதைப் பக்கவாட்டில் நாலு இலக்கமாக அச்சடித்திருப்பார்கள். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32வது வாரம். ஊருக்குள்ளேயே ஓடும் காரில் டயர் தேயாது, பட்டன் எல்லாம் புதுசுபோலத் தெரியும், ஆனால் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். ஆறு வருடம் ஆன டயரில் மே மாத வெயிலில் நெல்லூர் ரோட்டில் 100ல் போவதற்கு எனக்குத் தைரியம் கிடையாது.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது

இடது பக்கம் லேசாக இழுத்தால் முதலில் ரோட்டைச் சந்தேகப்படுங்கள். மழைத் தண்ணீர் வடிய ரோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நடுத் தடுப்பை ஒட்டிய லேனில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், இழுப்பு குறையலாம். அப்புறம் காற்று. இரண்டு முன் டயருக்கும் நடுவே 4, 5 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தால் போதும், காற்று குறைந்த பக்கம் இழுக்கும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைய ஏறினால் பின் டயருக்குத் தனி அளவு அதிலேயே போட்டிருப்பார்கள். காலையில் கிளம்பும்போதே, டயர் சூடாவதற்கு முன்னால் பிடியுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு 3, 4 பிஎஸ்ஐ ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து பங்கில் காற்றை இறக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டயர் வெடிப்பதற்கு அதுதான் நேர்வழி, ஏனென்றால் காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் இன்னும் சூடேறும்.

காற்று சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் திசை மாறினால் டயர்க் கோளாறு. மாறாவிட்டால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் ஒட்டுவதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். டீ குடிக்க நிறுத்தும்போது கடைசி அரை கிலோமீட்டர் பிரேக் அதிகம் மிதிக்காமல் உருட்டி வந்து நிறுத்துங்கள். நான்கு ரிம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக்தான்.

பெரிய வண்டியைத் தாண்டும்போது அலைகிறது

இது கோளாறு இல்லை, எடை. 700 கிலோவை ஒட்டிய, உயரமான, குறுகலான வண்டியைப் பக்கவாட்டுக் காற்று தள்ளத்தான் செய்யும். டிரெய்லரைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று நின்றுபோகும், முன்னால் வந்ததும் மறுபடி அடிக்கும். ஆம்னி பஸ் நம்மைத் தாண்டும்போது முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்கள்தான் வண்டியைப் பாம்பாக ஓட்டுகிறார்கள். இரண்டு கையாலும் தளர்வாகப் பிடித்து, வேகத்தைப் பத்து குறைத்து, தாண்டும் வண்டிக்குக் கூடுதலாக ஒரு கையளவு இடம் விட்டால் போதும்.

தடா தாண்டிப் பழவேற்காடு ஏரியை ஒட்டிய வெட்ட வெளியில் இது கொஞ்சம் தெரியும். நாகர்கோவிலுக்கு முன்னால் முப்பந்தல், ஆரல்வாய்மொழியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நன்றாகவே தெரியும். அங்கே அத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லையே. மேலே கேரியரில் மூட்டை கட்டியிருந்தால் இன்னும் மோசம், கனமானதை எல்லாம் டிக்கியில் வையுங்கள். காற்றே இல்லாத இடத்திலும் வண்டி மிதப்பதுபோல் இருந்தால் ஷாக் அப்சார்பர், அல்லது முன் சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர் புஷ் போயிருக்கிறது. அதுவும் நம் ரோடு கொடுத்ததுதான்.

ஹீட் ஏறுகிறது

நிறைய சின்ன கார்களில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. சிவப்பு வந்தால் ஏற்கெனவே தாமதம் என்று அர்த்தம்.

எங்கே சூடாகிறது என்பதுதான் முக்கியம். டிராஃபிக்கில் சூடாகி, ஹைவேயில் ஓடினால் தணிந்தால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, அதன் ஃபியூஸ். ஓடும்போது காற்று தானாக வந்துவிடுகிறது, நின்றால்தான் ஃபேன் வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒன்றுமில்லாமல் 90ல் அரை மணி போனதும் சூடானால் ஃபேன்மேல் பழி போடாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்திருக்கிறது, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, வெளியே மடிப்புகளில் புழுதி அப்பியிருக்கிறது, சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை, இந்த நாலில் ஒன்று.

என் வண்டியில் நாயுடுபேட்டைக்கு முன்னால் சிவப்பு எரிந்தது. காரணம் வெட்கக்கேடானது. மூன்று வருடமாகக் கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டுப் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றியிருந்தேன். மீஞ்சூரிலிருந்து இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணீரில் கடல் உப்பு ஏறிப் பல வருடம் ஆகிறது, பக்கெட் விளிம்பிலேயே வெள்ளையாகப் படிகிறது. அதே படிவம் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிந்தது. கழற்றி ஒரு முனையில் தண்ணீர் விட்டபோது மறுமுனையில் செங்கல் நிறத்தில் சேறுபோல வந்தது. அப்புறம் பாதிக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஊருக்குள் அந்தப் பாதிக் குழாயே போதுமாக இருந்திருக்கிறது. வெளிப்பக்கத்துக்கும் இதே கதைதான். கடலோரத்தில் நிற்கும் வண்டியில் அலுமினிய மடிப்பு உப்பில் அரித்து, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அப்படி உதிர ஆரம்பித்துவிட்டால் கழுவிப் பயனில்லை, புதுசு வாங்க வேண்டியதுதான்.

சிவப்பு எரிந்தால் செய்ய வேண்டியது: ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். மே மாதத்தில் இது தண்டனைதான், ஆனால் ஹீட்டர் என்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர், எஞ்சின் சூட்டை வாங்கிக்கொள்ளும். அப்படியே இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அது குக்கர் மாதிரி, அழுத்தத்தில்தான் தண்ணீரைக் கொதிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. திறந்தால் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறியபின் தடித்த துணி போட்டு மெதுவாகத் திருகி, கடையில் வாங்கிய குடிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஊர் வந்ததும் அதை வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் மாற்ற வேண்டும்.

மூடியையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். குக்கர் கேஸ்கட் இறுகிப்போனால் விசில் வராததுபோல, இந்த மூடியின் ரப்பர் இறுகினால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மூடி விலை சில நூறு ரூபாய்தான். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர்போல வெளுத்திருந்தாலோ, கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி வந்தாலோ, எஞ்சினுக்குள் ஆயிலையும் கூலன்ட்டையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் அங்கிருந்து வண்டி தூக்கு வண்டியில்தான் வர வேண்டும்.

ஏசி போட்டால் இழுக்க மறுக்கிறது

சென்னையின் வடபகுதி தட்டை நிலம். மேட்டு ரோடு என்றால் எங்களுக்கு மூலக்கடை மேம்பாலம்தான். அதனால் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை ரோடு ஏறிக்கொண்டே போகும்போது ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு "பிக்கப் போச்சு" என்று புலம்புகிறோம். 50 குதிரைத் திறனைத் தொடாத எஞ்சின், நாலு பேர், மூட்டை, ஏசி கம்ப்ரஸர். எஞ்சினின் பலம் சுற்று ஏறினால்தான் வரும். நாலுக்கு இறக்குங்கள், தேவைப்பட்டால் மூன்றுக்கு. எஞ்சின் கத்தினால் கெட்டுவிடும் என்பது ஊருக்குள் ஓட்டிப் பழகிய பயம். உண்மையில் குறைந்த சுற்றில் முக்கி முனகிப் போவதுதான் அதற்குக் கஷ்டம். முந்துவதற்கு முன்னால் ஏசியை ஒரு நிமிடம் அணைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கியர் இறக்கியும் இழுக்கவில்லை என்றால்தான் கோளாறு. முதலில் கிளட்ச். டோல்கேட் தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது நாலாவது கியரில் 50ல் போய், ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரும். சிக்னலில் பாதிக் கிளட்சில் நிற்கும் பழக்கம் இருந்தால் இதை எதிர்பார்க்கலாம். அடுத்தது ஏர் ஃபில்டர். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரை எண்ணூர் சாம்பலும் மணலி புழுதியும் மதிக்காது, பாதியிலேயே கழற்றிப் பாருங்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். விட்டு விட்டு மின்னினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் நிறுத்துங்கள். இல்லையென்றால் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து போகும், அதன் விலை வேறு.

மைலேஜ் குறைகிறது என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். 80லிருந்து 100க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது, அதைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட இரு மடங்கு. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் வண்டிக்கு 80, 85 பிடித்திருக்கிறது, அதிலேயே போகிறோம்.

ஏசி இரண்டு மணி நேரம் கழித்துக் காற்றே விடுவதில்லை

ஃபேன் சத்தம் இருக்கிறது, காற்று மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. உள்ளே கூலிங் காயில் ஐஸ் கட்டியிருக்கிறது. ஏசி பட்டனை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள், காற்று திரும்பும். ஊர் வந்ததும் காயிலைச் சுத்தம் செய்து, கேஸ் அளவையும் சென்சரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹைவேயில் ஜில்லென்று இருந்து சிக்னலில் சூடான காற்று வந்தால், ஏசி கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரின் ஃபேன்.

விமானம்போல ஒரு ஹம்மிங்

50ல் தொடங்கி வேகத்தோடு கூடும். நியூட்ரலில் உருட்டினாலும் நிற்காது. டயரா, வீல் பேரிங்கா? ரோடு காலியாக இருக்கும்போது மெதுவாக வலப்பக்கம் வளைத்துப் பாருங்கள். எடை இடது சக்கரத்துக்குப் போகும். சத்தம் கூடினால் இடது பேரிங், இடப்பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது. எப்படி வளைத்தாலும் மாறாமல், ரோட்டின் தரை மாறும்போது மட்டும் மாறினால் டயர். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீரில் இறக்கிய வண்டி, 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற வண்டி இரண்டும் பேரிங் விஷயத்தில் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டியவை. உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும்.

சாப்பிட்டுவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பியதும் டிக் என்று ஒரே சத்தம், ஹெட்லைட் மங்கினால் பேட்டரி பக்கம். பானட்டைத் திறந்து முதலில் டெர்மினலைப் பாருங்கள். கடல் காற்றில் நம் வண்டிகளுக்குப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். கிளிப்பைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா? இறுக்குங்கள். வீட்டிலேயே வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்தபின் கொஞ்சம் வாஸ்லின் தடவி வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். தினம் மூன்று கிலோமீட்டர் போய்வரும் காரின் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை, அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோலப் பிடித்துக்கொள்கிறதா? எஞ்சின் சுற்றுவதைக் கண்டுசொல்லும் கிராங்க் சென்சர் சூட்டில் மயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனால் கோளாறே தெரியாது. சூட்டோடு கொண்டுபோங்கள்.

எதிரில் வருபவர்கள் எல்லாம் லைட் அடிக்கிறார்கள்

நீங்கள் டிம்மில்தான் இருக்கிறீர்கள், ஆனாலும் அடிக்கிறார்கள். பின்னால் மூன்று பேரும் மூட்டையும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிக்கொண்டது. உங்கள் வெளிச்சம் அவர்கள் கண்ணுக்குப் போகிறது, உங்கள் ரோடு இருட்டாக இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகு இருந்தால் ஆள் ஏறஏற எண்ணைக் கூட்டுங்கள். பல பேர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை.

மலையிறங்கும்போது பிரேக் பஞ்சுபோல இறங்குகிறது

எங்கள் பக்கத்து கார்கள் பார்க்கும் முதல் மலை திருமலைதான். ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்குத் தனிப் பாதை. இறங்கும்போது நாலாவது கியரில் விட்டு, வழி முழுக்கப் பிரேக்கில் காலை வைத்தே வந்தால் பேட் கருகும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் மெத்தென்று போகும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். கடலோர ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். வழியில் மெத்தென்று ஆகிவிட்டால் பெடலை விட்டு விட்டு அழுத்தி, இரண்டாவது கியருக்கு இறக்கி, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுத்த முறை ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஓட்டுபவருக்குக் கண் சொக்குகிறது

இதையும் வண்டிக் கோளாறாகவே எழுதுகிறேன், பாதி அப்படித்தான். ஏசியை உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும்படி, அதாவது வெளிக்காற்று வராதபடி வைத்து ஐந்து பேர் இரண்டு மணி நேரம் மூச்சு விட்டால் சின்ன கேபினுக்குள் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். பெரிய வண்டியைவிட இங்கே சீக்கிரம் ஏறும். தலை கனக்கும், கொட்டாவி வரும், பின்னால் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை உள்காற்று, வெளிக்காற்று மாற்றும் நெம்புகோலை வெளிக்காற்றுக்குத் தள்ளி ஐந்து நிமிடம் விடுங்கள். அப்படியும் சொக்கினால் அது நிஜத் தூக்கம், டீயெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை ஓட்டாமல் இருப்பது என் வீட்டுச் சட்டம், கல்யாணமோ கருமாதியோ. வலது கால் மரத்துப்போனால் சீட் பின்னால் தள்ளியிருக்கிறது, ஒரு பல் முன்னே இழுங்கள்.

பஞ்சர், ஆனால் நட்டு கழலவில்லை

இடது ஓரம், ஹசார்டு லைட், முக்கோணப் பலகையை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள். ஆட்களை வண்டிக்குள் உட்கார வைக்காமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டும் என்றால் 1033.

மதுரை போகும் வழியில் விக்கிரவாண்டிக்கு இந்தப் பக்கம் இதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஸ்டெப்னியில் காற்று இருந்தது, ஜாக்கி இருந்தது. நட்டு மட்டும் அசையவில்லை. முந்தின வாரம் பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று முடுக்கியிருந்தார்கள். வண்டியோடு வந்த ஸ்பேனர் ஒரு சாண் நீளம்தான், அதன்மேல் ஏறி நின்றும் பார்த்தேன். கடைசியில் ஒரு லாரி டிரைவர் அண்ணன் நிறுத்தி இறங்கி வந்தார். ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி, இரண்டு விரலால் தள்ளுவதுபோலத் தள்ளினார். நாலு நட்டும் கீச் கீச் என்று கழன்றன. "ஜாக்கி போடறதுக்கு முன்னாடியே நட்டை லூஸ் பண்ணுங்க சார், தூக்கினப்புறம் சுத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு வாசலிலேயே உங்கள் ஸ்பேனரால் நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கிப் பாருங்கள். கழலாவிட்டால் தெருமுனைக் கடையிலேயே தளர்த்தி, கையால் முடுக்கச் சொல்லலாம். நான் ஊர் திரும்பியதும் வியாசர்பாடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு அடி நீளக் குழாய் ஒன்று வாங்கினேன், எடைக்குப் போட்டு அறுபது ரூபாய். ஸ்டெப்னிக்கு அடியில் கோணியில் சுற்றிக் கிடக்கிறது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் டங் என்று சத்தம் கொடுக்கும், அதை மட்டும் கோளாறு என்று ஷெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், நான் ஒருமுறை போயிருக்கிறேன்.